அனுப்பு பொத்தான் இல்லாத பக்கம்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவர் 'ஆகட்டும்'. மேலாளர் எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்பதே அவர் பதில். சொல்லி முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிடும் என்பதால் பட்டம் வைத்தவர்கள் அதிகம் யோசித்திருக்க வேண்டியதில்லை. எந்த லாரியில் எந்தக் கம்பெனியின் பெட்டிகள் ஏற வேண்டும், எது முன்னால் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. பிஸ்கட் கம்பெனிக்கு, சோப்புக் கம்பெனிக்கு, செருப்புக் கம்பெனிக்கு என்று நாளெல்லாம் காலிப் பெட்டிகள் போய்க்கொண்டிருக்கும். காலிப் பெட்டிகூட இல்லை, மடித்துக் கட்டிய அட்டை. வாங்கியவர்கள் அதைப் பிரித்து ஒட்டினால்தான் பெட்டி.

மேலாளருக்கும் ஒரு பட்டம் உண்டு: 'அவசரம்'. அவர் அனுப்பும் மின்னஞ்சல் எதுவானாலும் தலைப்பு அந்த ஒரே சொல்தான். லாரி கவிழ்ந்தாலும் அவசரம், கழிப்பறையில் சோப்பு தீர்ந்தாலும் அவசரம். ஆள் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மேலே இருப்பவர்கள் தன்னை விரட்டுகிற வேகத்தில் அவர் கீழே இருப்பவர்களை விரட்டினார், அவ்வளவுதான். ஆனால் மடித்த அட்டையை இத்தனை பதற்றத்தோடு ஊருக்கு அனுப்புகிற மனிதரை வேறெங்கும் பார்க்க முடியாது.

ஆகட்டும் வெறும் தலையாட்டி பொம்மை என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது, மனைவிக்குக்கூடத் தெரியாது. மேலாளரிடமிருந்து ஓர் அவசரம் வந்து விழுந்ததும், கணினியில் எதுவும் எழுதாத ஒரு பக்கத்தைத் திறப்பார். சொல்ல நினைத்ததையெல்லாம், கேட்டவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி, அதில் அடிப்பார். ஒருமுறை ஆசை தீரப் படிப்பார். பிறகு கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை அழித்துவிட்டு, மின்னஞ்சலுக்குப் போய் "ஆகட்டும் சார்" என்று அனுப்பிவைப்பார். மின்னஞ்சலிலேயே அதை அடித்துப் பார்த்து அழிக்கலாமே என்றால், அங்கே 'அனுப்பு' என்று ஒரு பொத்தான் முழித்துக்கொண்டு நிற்கிறது. விரல் தவறிப் பட்டால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். வெறும் பக்கத்தில் அந்தப் பொத்தான் கிடையாது. அதில் என்ன எழுதினாலும் எங்கேயும் போகாது. இத்தனை வருடமாக அவருக்கு இரத்தக்கொதிப்பு வராமல் இருந்ததற்கு அந்தப் பக்கம்தான் காரணம்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுற்றறிக்கை வந்தது. இனி ஒவ்வொருவரும் தங்கள் சொந்த ஸ்மார்ட்ஃபோனில் அலுவலக மின்னஞ்சலை இணைக்க வேண்டும், எங்கிருந்தாலும் தங்கள் மேசைக் கணினியை அந்த ஃபோனிலிருந்தே இயக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தலைப்பு வழக்கம்போல. மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கினார்.

"இது உங்களுக்கு நாங்க குடுக்கற சுதந்திரம். இனிமே நீங்க ஆபீஸ்லயே கிடக்க வேண்டாம். ஆபீஸ் உங்க பாக்கெட்ல கிடக்கும்."

கைதட்டினார்கள். புது ஃபோன் கம்பெனி வாங்கித் தருமா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை என்பதுபோல மேலாளர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இணைத்துக் கொடுக்கும் பொறுப்பு கணினிப் பிரிவு இளைஞருக்கு. அவரை 'ரீஸ்டார்ட்' என்பார்கள். என்ன கோளாறு என்று யார் போனாலும், தலையை நிமிர்த்தாமலே "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பார். பாதி நேரம் சரியாகிவிடும் என்பதால் அவர் திறமைசாலியா இல்லையா என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகட்டுமின் ஃபோனை வாங்கி அவர் ஏதேதோ தட்டினார். திரையில் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டு வந்தது. உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா, இருக்கும் இடத்தை அறியலாமா, திரையைப் பூட்டலாமா என்று விருந்தாளி மாதிரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டே போனது. ஆகட்டும் தன் குணத்துக்கு ஏற்ப எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தார். ஓரிடத்தில் மட்டும் விரல் நின்றது.

"தம்பி, 'நிறுவனம் இந்தக் கைபேசியில் உள்ள அனைத்தையும் தொலைவிலிருந்தே அழிக்கலாம்'னு போட்டிருக்கே?"

"அதெல்லாம் சும்மா போட்டிருப்பாங்கண்ணே. யாரும் படிக்கறதில்ல. நீங்களும் படிக்காதீங்க."

ஆகட்டும் அதையும் அழுத்தினார்.

சுதந்திரம் வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் செருப்புக் கம்பெனி லாரியை நகர்த்தினார். முடிவெட்டுகிறவர் "தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க" என்று கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் குனிந்த தலைக்கு என்ன வருமோ அதை வெட்டி அனுப்பினார். வீட்டில் ஒரு நாள் மனைவி நாலாவதாக ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது யாருக்கு?"

"உங்க சாருக்குத்தான். தினம் நம்ம கூடத்தானே சாப்பிடறார், பாவம், வெறும் வயித்தோட உக்காந்திருக்கார்."

ஆகட்டும் அசடு வழிந்தார். அதற்குள் ஃபோன் அதிர்ந்தது. மனைவி அந்தத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இதிலெல்லாம் அவருக்கு வருத்தம் இருந்தாலும் வலித்தது மகள் விஷயத்தில்தான். பன்னிரண்டு வயது. பள்ளி நீச்சல் அணியில் மல்லாந்து நீந்துகிறவள். போன இரண்டு போட்டிகளுக்கும் அவர் போகவில்லை. இரண்டு முறையும் மனைவி வீடியோ எடுத்து அவர் ஃபோனுக்கு அனுப்பியிருந்தார். நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தார். நிதானம் வரவில்லை. "பார்த்தீங்களா அப்பா?" என்று மகள் கேட்டதற்கு, "சூப்பர்டா கண்ணு" என்று சொல்லிவைத்தார். "எந்த இடத்துல சூப்பர்?" என்று அவள் கேட்டாள். பாதகி, தாயைப் போலவே. அவர் மென்று விழுங்கினார். அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு சாயங்காலம் அவர் கூடத்தில் ஃபோனோடு உட்கார்ந்திருக்க, வாசலில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் "அப்பா இருக்காராம்மா?" என்று கேட்டபோது, அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல இருக்காரு அங்கிள்" என்றாள். குறும்பாகச் சொன்னாளா நிஜமாகவே சொன்னாளா என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. 

பள்ளிகளுக்கு இடையிலான பெரிய போட்டி அடுத்த வாரம், வேலை நாளில். அவள் கூப்பிடவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"மல்லாந்து நீந்தறப்போ எனக்கு மேல எல்லாம் தெரியும்ப்பா. கேலரி நல்லாத் தெரியும். யார் நிமிர்ந்து உக்காந்திருக்காங்க, யார் குனிஞ்சு உக்காந்திருக்காங்கன்னு பாத்துட்டேதான் வருவேன். வரலைன்னாலும் பரவாயில்ல. வந்தா குனியாதீங்க."

ஆகட்டும் அதற்கும் வாய்வரை வந்த அந்தச் சொல்லைச் சொல்லப் போனார். மகள் ஏற்கனவே உள்ளே போய்விட்டிருந்தாள்.

அவர் விடுப்புக் கேட்டதும் மேலாளர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தே ஆகட்டும் பயந்திருக்க வேண்டும்.

"தாராளமாப் போங்க! குடும்பம் முக்கியம். அதுக்குத்தானே ஃபோன் குடுத்திருக்கோம்?"

ஃபோன் தன்னுடையது என்று ஆகட்டுமுக்கு நினைவு வந்தது. "ஆகட்டும் சார்" என்றார்.

"நீங்க அங்கேர்ந்தே லாரி வரிசையை மாத்தறீங்க. இங்க லோடு ஏத்தறவங்களுக்கு அது தெரியணும், இல்லையா? ஒரு டிவி மாட்டிடலாம்."

மாட்டினார்கள். லோடு ஏற்றும் மேடைக்கு மேலே, எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், ஓர் ஆள் குறுக்கே படுக்கலாம் போன்ற டிவி. அதே மேடையில் வெயில் காலத்தில் லோடுமேன்கள் வெந்து சாகிறார்கள், ஒரு மின்விசிறி வேண்டும் என்று ஆகட்டும் கடிதம் மேல் கடிதமாக எழுதியிருந்தார். அதற்குப் பதிலே வந்ததில்லை. டிவி இரண்டே நாளில் வந்துவிட்டது. ரீஸ்டார்ட் ஆகட்டுமின் மேசைக் கணினியிலிருந்து ஒரு நீளக் கம்பியை இழுத்து அதில் செருகினார். திரையில் லாரி அட்டவணை பளிச்சென்று தெரிந்தது. மேலாளர் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

டிவியில் அட்டவணை தெரியும் என்பதுதான் ஆகட்டுமுக்குத் தெரிந்த விஷயம். அட்டவணை மட்டுமல்ல, கணினியில் எது திறந்திருந்தாலும் அது டிவியில் தெரியும் என்பதை அவர் யோசிக்கவில்லை. ரீஸ்டார்ட்டும் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நீச்சல் குளத்தின் கேலரியில் மருந்து வாசனை மூக்கைத் துளைத்தது. நாற்காலிகள் ஈரமாக இருந்தன. பக்கத்தில் மனைவி துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார். கீழே பிள்ளைகள் தொப்பி மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எல்லாத் தொப்பியும் ஒரே நிறம். மகளுடையது எது என்று கண்டுபிடித்து அவர் கையைத் தூக்கி அசைக்கப் போனபோது பையில் ஃபோன் அதிர்ந்தது.

'அவசரம். பிஸ்கட் கம்பெனி லோடை முதலில் போடவும்.'

ஆகட்டும் சின்னத் திரையில் தன் மேசைக் கணினியைத் திறந்தார். ஃபோன் அணைந்தால் இணைப்பு போய்விடும் என்று ரீஸ்டார்ட் அதை அணையாதபடி செய்து கொடுத்திருந்தார். கட்டை விரலால் அட்டவணையைப் பிடித்து இழுத்து பிஸ்கட்டை மேலே போட்டார். பிறகு, கை பழக்கத்தில், வெறும் பக்கத்தைத் திறந்தார்.

'நேத்து நீங்கதான் கடைசில போடச் சொன்னீங்க. முந்தாநாள் நடுவுல போடச் சொன்னீங்க. லாரி என்ன உங்க வீட்டு சோபாவா, தினம் ஒரு இடத்துல போட்டு அழகு பாக்க?'

படித்தார். வயிறு குளிர்ந்தது. அழித்தார். 'ஆகட்டும் சார்' என்று பதில் அனுப்பினார்.

குளத்தில் ஆண் பிள்ளைகளின் போட்டி நடந்தது. யாரோ ஜெயித்தார்கள். மறுபடியும் அதிர்ந்தது. 'அவசரம். சோப்புக் கம்பெனியில் இருந்து கூப்பிட்டார்கள். அதை முதலில் போடவும். பிஸ்கட் பிறகு.' மாற்றினார். வெறும் பக்கத்துக்குப் போனார்.

'சார், நாம அனுப்பறது காலிப் பெட்டி. காலிப் பெட்டிகூட இல்ல, மடிச்ச அட்டை. உள்ள காத்துகூடக் கிடையாது. மடிச்ச அட்டை அரை மணி நேரம் தாமதமாப் போனா எந்த உசிரும் போகாது. ஆனா அதை ஏத்தறவங்களுக்கு அந்த மேடையில உசிர் போயிட்டிருக்கு. ஒரு ஃபேன் கேட்டதுக்கு வாய் திறக்கல. டிவி மட்டும் பறந்து வந்துச்சு. டிவி காத்து குடுக்குமா சார்? நீங்க வேணா கீழ நின்னு படம் எடுத்துக்குங்க.'

இதை அழிக்க அவருக்கு மனசே வரவில்லை. இரண்டு முறை படித்து ரசித்தார். "எதுக்கு தனியா சிரிக்கறீங்க?" என்று மனைவி கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அழித்தார். 'ஆகட்டும் சார்.'

ஒலிபெருக்கியில் மகளின் பள்ளியைக் கூப்பிட்டார்கள். அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். மல்லாந்து நீந்துகிறவர்கள் குதிக்க மாட்டார்கள், தண்ணீரிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைச் சுருட்டிக் காத்திருப்பார்கள். மனைவி எழுந்து நின்றுவிட்டார். ஆகட்டும் ஃபோனைப் பையில் போடப் போனார். அதிர்ந்தது.

'அவசரம். பிஸ்கட்டே முதலில் போகட்டும். உடனே.'

அவருக்குத் தலையில் ஏறிவிட்டது. அட்டவணையைத் தொடவே இல்லை. நேராக வெறும் பக்கத்துக்குப் போனார்.

'என் பொண்ணு தண்ணில இறங்கிட்டா. மல்லாந்து வருவா. மேல பாத்துட்டே வருவா. நான் குனிஞ்சிருந்தா அவளுக்குத் தெரிஞ்சிடும். ரெண்டு தடவை நான் வரல. வீடியோவைக்கூடப் பாக்கல, பாத்தேன்னு பொய் சொன்னேன். இந்த ஒரு தடவை என்னை விட்டுடுங்க. உங்க பிஸ்கட்டுல இடி விழ.'

அழிப்பதற்காகக் கட்டை விரலை வைத்தார். அதற்குள் அவர் எழுதியதற்குக் கீழே, தானாக, எழுத்துகள் வர ஆரம்பித்தன.

'அண்ணே. பதறாதீங்க. நான்தான் ரீஸ்டார்ட். உங்க மேசையில உக்காந்து அடிக்கறேன்.'

ஆகட்டுமுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

'நீங்க எழுதறது எல்லாம் இங்க டிவில பெருசாத் தெரியுதுண்ணே.'

எப்போதிலிருந்து என்று அதற்குக் கீழேயே அடித்துக் கேட்டார்.

'சோபாலேர்ந்து.'

அவர் கண்ணை மூடித் திறந்தார். அந்த மேடை, அந்த உயரம், அந்த அளவுக்குப் பெரிய எழுத்து. லாரி ஓட்டுநர்கள், லோடுமேன்கள், கணக்குப் பிரிவு முழுக்க அண்ணாந்து நிற்பது கண்முன் வந்தது. அழிக்கப் போனார்.

'அழிக்காதீங்கண்ணே. பின்னாடி நிக்கறவங்க இன்னும் படிச்சு முடிக்கல. ஃபேன் பத்தி எழுதினதை ஏன் அழிச்சீங்கன்னு எல்லாரும் கோவமா இருக்காங்க.' ஒரு வரி இடைவெளி. 'ஐயோ. சார் வந்துட்டார்.'

பிறகு புதிதாக ஒரு வரி, ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலால் அடிக்கிற வேகத்தில் வந்தது.

'அவசரம். என்ன இதெல்லாம்? உடனே பதில் தேவை.'

அதற்குக் கீழே கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவருடைய பதிலுக்காகத் தொழிற்சாலையே காத்திருக்கிறது. வேலை போகலாம். வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை அடித்து, மன்னிப்பும் கேட்டுவிட்டால், எப்படியாவது பூசி மெழுகிவிடலாம். 'ஆ' என்று அடித்துவிட்டார்.

விசில் ஒலித்தது.

ஆகட்டும் ஃபோனை அணைக்கவில்லை, பையில் போடவுமில்லை. ஈர நாற்காலியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றிய ஒரே வழி அதுதான். உட்கார்ந்து, கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டி, நிமிர்ந்து பார்த்தார்.

ஆறு தொப்பிகள் வந்துகொண்டிருந்தன. அவருடைய மகள் ஓரத்தில் இருந்தாள். அவள் கைகள் மாறி மாறித் தலைக்கு மேல் போய் விழுவதை அவர் முதல் முறையாகப் பார்த்தார். இவ்வளவு நீளமான கை இவளுக்கு எப்போது வந்தது? முகம் வானத்தைப் பார்த்தபடி, வாய் திறந்து மூடி, கண் மட்டும் கேலரி பக்கம் உருண்டது. ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டே வந்தது. அவரிடம் வந்ததும் நின்றது. அவர் கையைக்கூட அசைக்கவில்லை. அசைத்தால் எங்கே குனிந்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். அடியில் ஃபோன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. பிறகு ஓயாமல் அதிர்ந்தது. தேள் மேல் உட்கார்ந்திருப்பவர்போல ஆகட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

மகள் நாலாவதாக வந்தாள். சுவரைத் தொட்டதும் யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கவில்லை. நேராகக் கேலரியைப் பார்த்தாள்.

ஃபோன் அதிர்வது எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது அலுவலகக் கணினியைக் காணோம். மின்னஞ்சலைக் காணோம். படங்கள், எண்கள், இரண்டு வீடியோக்கள், எதுவும் இல்லை. வெள்ளைத் திரையில், கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கியதுபோல, 'வணக்கம்! உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று கேட்டது.

அப்போது மனைவியின் ஃபோன் அடித்தது. அலுவலகத்தில் அவசரத்துக்கு என்று அந்த எண்ணைக் கொடுத்து வைத்திருந்த ஆகட்டும் அதை வாங்கிக் காதில் வைத்தார். ரீஸ்டார்ட் மாடிப்படியில் ஒளிந்துகொண்டு பேசுகிற குரலில் பேசினார்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. 'அவன் கனெக்‌ஷனை உடனே கட் பண்ணு'ன்னு சார் கத்தினாரு. கட் பண்ண இருக்கறது ஒரே பட்டன். அதை அமுக்கினா ஃபோன்ல இருக்கறதும் சேர்ந்து போயிடும்னு அமுக்கினப்புறம்தான் படிச்சேன்."

"யாரும் படிக்கறதில்லன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க."

"ஆமாண்ணே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா நீங்க சாருக்கு பதில் குடுத்தீங்களே, அது மாதிரி ஒண்ணை நாங்க யாரும் பாத்ததில்ல."

"நான் எங்க பதில் குடுத்தேன்?"

"ரெண்டு பக்கம் குடுத்தீங்களே! 'ஆ'ன்னு ஆரம்பிச்சீங்க. அவ்வளவுதான், 'ஆகட்டும்' வரப்போகுதுன்னு எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுட்டாங்க. அப்புறம் பாத்தா, ஆஆஆஆன்னு ஒரு வரி போகுது, கககக, டடடட, நடுவுல நடுவுல புள்ளி, கேள்விக்குறி. என்ன ஆவேசம்! சார் 'இதுக்கு என்ன அர்த்தம், இதுக்கு என்ன அர்த்தம்'னு மெயிலா அனுப்பிட்டே இருக்காரு. உங்க பக்கத்துலேர்ந்து டடடடன்னு வந்துட்டே இருக்கு. லோடுமேன் எல்லாம் விசில் அடிச்சுட்டாங்கண்ணே."

ஆகட்டும் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் விரல் செய்யாததை அது செய்திருக்கிறது.

"இப்ப டிவில என்ன தெரியுது?"

"அதேதான். உங்க பொண்ணு பத்தி எழுதினது, சார் கேட்டது, நீங்க குடுத்த பதில், எல்லாம் அப்படியே நிக்குது. ஃபோனைத்தானே அழிச்சோம், கம்ப்யூட்டர்ல யாரும் எதையும் அழிக்கலியே. சார் என்னை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு." அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "இது ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகாதுன்னு சொல்லிட்டேண்ணே. என் சர்வீஸ்ல முதல் தடவை... ஐயோ, வர்றாரு."

ஃபோன் கைமாறும் சத்தம் கேட்டது. மேலாளர் இரைக்க இரைக்கப் பேசினார்.

"லாரி எல்லாம் நிக்குது. வரிசை யாருக்கும் தெரியல. எல்லாரும் டிவியைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. நடந்ததை அப்புறம் பேசிக்கலாம். உடனே கனெக்ட் ஆகுங்க."

"என் ஃபோன்ல ஒண்ணும் இல்ல சார். நீங்க அழிச்சுட்டீங்க."

"இது யார் ஃபோன்?"

"என் மனைவியோடது."

"நல்லதாப் போச்சு. அதுல கனெக்ட் பண்ணிடுங்க. ரெண்டே நிமிஷ வேலை, ரீஸ்டார்ட் சொல்லுவாரு. எல்லாத்துக்கும் ஒப்புதல் குடுத்துட்டே போங்க."

ஆகட்டும் காதிலிருந்து எடுத்து அந்த ஃபோனைப் பார்த்தார். மூலையில் கண்ணாடி கீறியிருந்தது. அவர் பார்க்காத இரண்டு போட்டிகளும் இப்போது அதில்தான் இருந்தன. கேலரிப் படிகளில் மகள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்துகொண்டிருந்தாள்.

அவருடைய கட்டை விரல் பழக்கதோஷத்தில் வெறும் பக்கத்தைத் தேடியது. முதலில் அதில் உள்ளதைச் சொல்ல வேண்டும், படிக்க வேண்டும், அழிக்க வேண்டும், பிறகு வேறொன்றைச் சொல்ல வேண்டும். பக்கம் இல்லை. ஃபோனைத் திரும்பக் காதில் வைத்தார்; மேலாளர் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருந்தது வாய் ஒன்றுதான்.

"நாளைக்கு நான் வர்றேன் சார்," என்றார். "ஃபோன் வராது."

சொல்லி முடித்தாகிவிட்டது. அழிக்க முடியாது. போய்விட்டது. மேலாளர் அடுத்து எதை அமுக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். அமுக்க இருந்த ஒன்றை ஏற்கனவே அமுக்கியாகிவிட்டது. பின்னால், தூரத்தில், யாரோ ஒரு லோடுமேன் "என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு" என்று கேட்பதும், ரீஸ்டார்ட் அதை உரக்கத் திருப்பிச் சொல்வதும் கேட்டது.

மகள் வந்து ஈரத்தோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாத்தேன்ப்பா," என்றாள். "நீங்க குனியவே இல்ல. ஆனா ஏன் அப்படி நெளிஞ்சுட்டே இருந்தீங்க?"

"பதில் எழுதிட்டிருந்தேன்டா," என்றார் அவர். ஃபோனை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். "அந்த ரெண்டு வீடியோவையும் போடு. நான் இன்னும் பாக்கல."

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியும்," என்றாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே, அவளும் திரை பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.